ஒரே குளியலறையை உடைக்குமுன்: உப்புவெளி வாசகிக்குப் பதில்

கேள்வி: எங்கள் வீடு உப்புவெளியில், கட்டி முப்பது வருடத்துக்கு மேல். வீட்டுக்குள் இருப்பது ஒரே ஒரு குளியலறை, ஆறடிக்கு எட்டடி. கொமட்டும் அதற்குள்தான். அதன் மறுபக்கச் சுவர் குசினி. இரண்டிலும் ரைல் கழன்று, சுவர் ஊறி, உப்புப் பூத்திருக்கிறது. இரண்டையும் ஒன்றாக உடைத்தால் பத்து நாளில் முடித்துத் தரலாம் என்கிறார் மேசன். கார்த்திகையில் தொடங்கித் தைப்பொங்கலுக்கு முன் முடிக்க ஆசை. மாமிக்கு 74 வயது, இழுப்பு இருக்கிறது. மூத்த மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். கிணற்றடியில் பழைய குந்து மலசலகூடம் ஒன்று பாவிக்காமல் கிடக்கிறது. வேலை நடக்கும்போது ஐந்து பேரும் வீட்டிலேயே இருக்கலாமா, வாடகைக்கு எங்காவது போக வேண்டுமா? முன்கூட்டி என்னென்ன செய்ய வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வீட்டிலேயே இருக்கலாம். ஆனால் நீங்கள் நினைத்த மாதத்தில் வேண்டாம். மேசன் சொன்ன முறையிலும் வேண்டாம்.

முதலில் மாதம். திருகோணமலைக்கு மழையின் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கித் தை வரை வாடையோடு வருகிறது. கார்த்திகையும் மார்கழியும் உச்சம். அந்த நாட்களில் ஊறிய சுவர் காயாது, மணல் நனைந்தே வரும், நீர்த்தடுப்புப் பூச்சு இறுகக் கூடுதல் நாள் எடுக்கும். அதைவிடப் பெரிய சிக்கல் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. தற்காலிகக் குசினி பின் விறாந்தையிலும் மலசலகூடம் கிணற்றடியிலும் அமையப்போகின்றன. கொட்டும் மழையில், இரவில், 74 வயது மாமியை ஈர முற்றத்தால் நடத்திக் கூட்டிப்போவது ஆபத்து. மாசி பிறந்தபின் தொடங்குங்கள். பங்குனி நடுவுக்குள் குளியலறை முடியும். சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி வேலையாட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், ஹாட்வெயார் கடைகளும் சில நாள் பூட்டியிருக்கும். அரைகுறை வேலையோடு அந்த நாட்களில் மாட்டிக்கொள்ள வேண்டாம். மகளின் பரீட்சைத் திகதி இந்த இடைவெளிக்குள் விழுந்தால் பரீட்சை முடியும்வரை தள்ளிப்போடுங்கள். சுவர் கொத்தும் சத்தத்தில் ஒரு பிள்ளையும் படிக்க முடியாது.

அடுத்தது அந்தப் பத்து நாள். மேசன் பொய் சொல்லவில்லை, அவர் தன் கை வேலை செய்யும் நாட்களை மட்டும் எண்ணுகிறார். நீங்கள் எண்ண வேண்டியது குளியலறை இல்லாமல் இருக்கப்போகும் நாட்களை. உடைத்து அள்ள இரண்டு நாள். குழாயும் வயரும் பதிக்க இரண்டு, அழுத்தம் வைத்துச் சோதிக்க ஒரு நாள். சுவர்ப் பூச்சுக்கும் தளத்துக்கும் இரண்டு நாள், அதை நனைத்து நனைத்து இறுகவிட ஒரு கிழமை. நீர்த்தடுப்பு இரண்டு கை பூச இரண்டு நாள், அது இறுகக் குறைந்தது மூன்று நாள், பிறகு தண்ணீர் தேக்கிப் பார்க்க இரண்டு நாள். ரைல் ஒட்ட ஐந்து, கிரவுட் நிரப்பிக் காய இரண்டு, கொமட்டும் பேசினும் ஷவரும் பூட்ட இரண்டு, சிலிக்கோன் இறுக ஒன்று. கூட்டினால் ஒரு மாதம். பத்து நாளில் முடிக்கச் சொல்லி நெருக்கினால் காத்திருக்க வேண்டிய நாட்கள்தான் வெட்டுப்படும். அடுத்த மாரியில் குசினிச் சுவர் மறுபடி ஊறுவது அப்படித்தான்.

ஆகவே ஒரு மாதத்துக்கு வீட்டைத் தயார்படுத்துங்கள். இரண்டு அறையையும் ஒன்றாக உடைக்க விடாதீர்கள். குளியலறை முதலில், குசினி பிறகு. குசினியை விறாந்தைக்கு நகர்த்தலாம், பாத்திரம் கழுவ முற்றத்துக் குழாய் போதும். குளியலறையை அப்படி நகர்த்த முடியாது. இரண்டும் ஒரே நேரத்தில் இல்லாமல் போனால், குளிக்கும் தண்ணீரும் சமைக்கும் தண்ணீரும் மேசனின் சாந்துத் தண்ணீரும் ஒரே முற்றத்துக் குழாயில் வந்து முட்டும்.

கிணற்றடி மலசலகூடத்தை இன்றைக்கே போய்ப் பாருங்கள். உங்கள் முழுத் திட்டமும் அதில் தங்கியிருக்கிறது. நான்கைந்து வாளி தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றுங்கள். தண்ணீர் தேங்கி மெல்ல இறங்கினால் குழாயில் வேர் புகுந்திருக்கும், அல்லது குழி நிரம்பியிருக்கும். குழி நிரம்பியிருந்தால் பௌசருக்கு முன்கூட்டிச் சொல்லி எடுப்பியுங்கள். கதவு, உள் தாழ்ப்பாள், கூரைத் தகரம் மூன்றையும் சரி செய்யுங்கள். மின்குமிழ் போட்டு, அதன் சுவிட்சை வீட்டுக்குள் பின்கதவருகே வையுங்கள். இருட்டில் நடந்துபோய்ச் சுவிட்ச் தேடும் நிலை வரக்கூடாது. பாதையிலுள்ள புல்லை வெட்டி, தளக்கல்லோ பலகையோ போட்டு, ஒரு பக்கம் இடுப்பளவு உயரத்தில் கம்போ கயிறோ கட்டிவிடுங்கள். மாமியால் குந்த முடியாது என்றால், நடுவில் ஓட்டையுள்ள கொமட் கதிரை மருத்துவ உபகரணக் கடைகளில் கிடைக்கும். அதைக் குந்து தட்டின் மேலேயே வைக்கலாம். இரவுக்கு அவருடைய அறையிலேயே வாளியோடு வைக்கலாம். வேலையாட்களும் இதே மலசலகூடத்தைத்தான் பாவிப்பார்கள் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அவர்களுக்கெனத் தனி வாளி வையுங்கள். காலையில் வீட்டார் பாவித்து முடிக்கும் நேரத்தை மேசனிடம் முதலே சொல்லிவிடுங்கள். குளிக்கக் கிணற்றடியில் ஆறடி உயரத்துக்குத் தகரமோ தறப்பாளோ மறைத்து, அடியில் கொங்கிரீட் தட்டுப் போட்டால் போதும்.

இத்தனையும் தயாரானதும், உடைப்பதற்கு ஒரு கிழமை முன், உள்ளே இருக்கும் குளியலறையைப் பூட்டிவிட்டு ஒரு முழுநாளும் ஓர் இரவும் இந்த ஏற்பாட்டிலேயே இருந்து பாருங்கள். பள்ளிக்கூட நாளாகப் பார்த்துச் செய்யுங்கள். காலை ஆறு மணிக்கு யார் முதலில் போவது, சோப்பு எங்கே, ஈரத்துணி எங்கே காய்வது, மாமி இரவில் எத்தனை தடவை எழும்புகிறார் என்பதெல்லாம் அந்த ஒரு நாளில் தெரிந்துவிடும். குறைகளைச் சரிசெய்ய ஒரு கிழமை கையில் இருக்கும். உடைத்த பிறகு தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

தண்ணீர். பழைய வீடுகளில் கூரைத் தாங்கியிலிருந்து ஒரே குழாய் இறங்கிக் குளியலறைக்கும் குசினிக்கும் பிரியும். குளியலறைக் குழாயை வெட்டியதும் முழு வீட்டுக்கும் தண்ணீர் நிற்கும். அதனால் உடைப்பதற்கு முதல் நாள் பிளம்பரை அழைத்து, பிரியும் இடத்தில் குளியலறைக்கு ஒன்று, குசினிக்கு ஒன்று எனத் தனித்தனி வால்வு போடுவியுங்கள். பிவிசி ஒட்டியது 24 மணித்தியாலம் இறுகிய பிறகே அழுத்தம் ஏற்ற வேண்டும் என்பதால் அந்த ஒரு நாள் தேவை. அன்றைக்கு வேண்டிய குடிதண்ணீரையும் சமையல் தண்ணீரையும் முதலே பிடித்து மூடி வையுங்கள். மேசன்மாருக்கு முற்றத்தில் தனிக் குழாயும் பெரிய பீப்பாயும் ஒதுக்குங்கள். சாந்து குழைக்கக் குழாய்த் தண்ணீரையே கொடுங்கள். கடற்கரையோரக் கிணறுகளில் உப்பு ஏறியிருக்கும். அந்தத் தண்ணீரில் குழைத்த சாந்து காய்ந்த பிறகும் ரைல் இடுக்குகளில் வெள்ளையாகப் பூத்துக்கொண்டே இருக்கும், உள்ளே இருக்கும் கம்பியையும் கறள் பிடிக்க வைக்கும். மணலும் அப்படியே: ஆற்றுமணல் என்று கேட்டு வாங்குங்கள், வந்ததும் ஒரு கைப்பிடியை நக்கிப் பார்த்தால்கூட உப்பு தெரிந்துவிடும். இப்போது உங்கள் சுவரில் பூத்திருக்கும் உப்புக்கும் இவற்றில் ஒன்று காரணமாக இருக்கலாம். ஆகவே பழைய பூச்சைக் கல் தெரியும்வரை முழுவதும் கொத்தி எடுக்கச் சொல்லுங்கள், அதன் மேலே பூசி மறைக்க விடாதீர்கள். உடைக்கும்போது மேல்தளத்தில் கறள் பிடித்த கம்பி தெரிந்தால் வேலையை அங்கேயே நிறுத்தி ஒரு பொறியியலாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

சாமான்கள் எல்லாம் வீட்டுக்கு வந்து சேரும்வரை சுத்தியல் எடுக்க விடாதீர்கள். நீளும் வேலைகளில் பெரும்பாலானவை ஒரு வால்வுக்காகவோ நான்கு ரைலுக்காகவோ நிற்பவைதான். உங்கள் அறையின் கணக்கு இது: சுற்றளவு 28 அடி, ஏழடி உயரத்துக்கு ஒட்டினால் 196 சதுர அடி, கதவுக்கு 17 கழித்தால் 179. தளம் 48. வெட்டும் சேதமும் சேர்த்துப் பத்து வீதம் கூட்டினால் சுவருக்கு 197, தளத்துக்கு 53 சதுர அடி. 300க்கு 600 மில்லிமீற்றர் ரைல் ஒன்று 1.94 சதுர அடி. சுவருக்கு 102 ரைல் வேண்டும். அதற்கு மேலும் ஒரு பெட்டி வாங்கி வையுங்கள். பெட்டிகள் எல்லாவற்றிலும் ஒரே தொகுதி இலக்கமும் நிற இலக்கமும் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். பிறகு வாங்கும் பெட்டி அதே பெயரில் வந்தாலும் நிறம் சற்று மாறியிருக்கும். தளத்துக்குப் பளபளப்பான ரைல் வேண்டாம், சொரசொரப்பானது எடுங்கள். போர்சலின் ரைல் தண்ணீர் உறிஞ்சாது, வெறும் சீமெந்துக் கூழில் பிடிக்காமல் சில வருடத்தில் கழன்றுவிடும். அதற்கு ரைல் பசைதான் சரி.

கொமட்டைக் குழாய் புதைப்பதற்கு முன் வாங்குங்கள். அதன் வெளிக்குழாய் தளத்துக்குள் இறங்குகிறதா, சுவருக்குள் போகிறதா என்பது ஒவ்வொரு மாதிரிக்கும் வேறு. தளத்துக்குள் இறங்குவதென்றால் சுவரிலிருந்து குழாய் நடுவரையான தூரம் பொதுவாக 9 அங்குலம் அல்லது 12 அங்குலம். அந்த அளவு ரைல் ஒட்டி முடிந்த சுவரிலிருந்து எடுக்கப்பட வேண்டும். வெறும் கல்லிலிருந்து அளந்தால் பூச்சும் ரைலும் ஓர் அங்குலத்துக்கு மேல் தின்றுவிடும், கொமட்டின் தாங்கி சுவரில் இடிக்கும். இந்தப் பிழை மிகவும் சாதாரணமாக நடக்கிறது. திருத்த ரைலை உடைக்க வேண்டும்.

மாமிக்காகச் சில முடிவுகளை இப்போதே எடுங்கள். கொமட் உட்காரும் உயரம் 17 முதல் 18 அங்குலம். கொமட்டுக்குப் பக்கத்திலும் ஷவரடியிலும் கைபிடி. தளத்திலிருந்து 33 முதல் 36 அங்குல உயரத்தில் அதற்கான இடங்களைப் பென்சிலால் குறித்து, ரைல் ஒட்டுமுன் அந்த இடங்களைச் சீமெந்துச் சாந்தால் இறுக்கமாக நிரப்பச் சொல்லுங்கள். பிறகு துளைத்து மாட்டினால் வயதானவரின் முழுப் பாரத்தையும் தாங்கும். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே ஒருவர் விழுந்தால் உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ள முடியாது. கைபிடியும் குழாய்த் தலைகளும் கடற்காற்றுக்கு நிற்க வேண்டும். மலிவான இரும்பில் முலாம் பூசியவை ஒரு வருடத்தில் புள்ளி விழும், பித்தளையில் குரோம் பூசியவை வாங்குங்கள்.

மாமியை உடைக்கும் இரண்டு நாளும், குழாய்க்குச் சுவர் கொத்தும் நாளிலும், ரைல் வெட்டும் நாட்களின் பகற்பொழுதிலும் உறவினர் வீட்டில் வைத்திருங்கள். வாடகை வீடு தேவையில்லை, இந்த நாட்களுக்கு மட்டும் இடம் போதும். சீமெந்தும் ரைலும் அறுபடும்போது பறக்கும் நுண்தூசி கண்ணுக்குத் தெரியாமல் மணிக்கணக்கில் காற்றில் நிற்கும், இழுப்புள்ளவர்களுக்கு அது நஞ்சு. ரைல் வெட்டுவது வீட்டுக்கு வெளியே, தண்ணீர் விட்டுத்தான் நடக்க வேண்டும். மாசியில் பகலில் கடலிலிருந்து காற்று வரும் என்பதால் வெட்டும் இடத்தை வீட்டின் மேற்குப் பக்கம் வையுங்கள். வேலை தள்ளிப்போய் வைகாசிக்குப் பின் வந்தால் கச்சான் மேற்கிலிருந்து அடிக்கும், அப்போது இடத்தைக் கிழக்கே மாற்ற வேண்டும். கச்சான் வீசும் நாட்களில் பூச்சு வேகமாகக் காய்ந்து வெடிக்கும், ஈரச்சாக்கு போட்டு நாளுக்கு மூன்று தடவை நனையுங்கள். குளியலறை வாசலுக்குத் தடித்த பொலித்தீன் இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாகத் தொங்கவிட்டு, அடியில் ஈரச்சாக்கைச் சுருட்டி வையுங்கள். மற்ற அறைகளின் கதவிடுக்குகளுக்கு ரேப் ஒட்டி, உடைக்கும் நேரத்தில் மின்விசிறியை நிறுத்துங்கள். பின்னேரம் விளக்குமாறு எடுக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். கூரை அஸ்பெஸ்டஸ் என்றால், காற்றுக் குழாய் வெளியே விட அதைத் துளைக்க வேண்டியிருக்கும்; கிரைண்டரால் ஒருபோதும் வெட்ட விடாதீர்கள். நனைத்து, கையால் சுற்றும் துளைகருவியால் துளைத்து, விழுந்த துகளை ஈரத்தோடு அள்ளிப் பையில் கட்டச் சொல்லுங்கள். முடிந்தால் கூரையைத் தொடாமல் பக்கச் சுவரால் குழாயை வெளியே எடுங்கள்.

உடைக்கும் நாள் காலையில் முதல் அடி விழுமுன் நீங்களே நின்று பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. கொமட்டைக் கழற்றியதும் அந்த 110 மில்லிமீற்றர் குழாயின் வாய்க்கு மூடி போட வேண்டும். தளத்து வடிகாலுக்கும் அப்படியே. துணியைத் திணித்தால் போதும் என்பார்கள். துணி உள்ளே வழுக்கிப் போகும், அல்லது அதைச் சுற்றிக் கல்லும் சாந்தும் இறங்கும். அவை வளைவில் தங்கி இறுகிவிடும். உடனே ஒன்றும் தெரியாது, புதுக் கொமட் பூட்டி ஒரு மாதத்தில் தண்ணீர் மேலே ஏறும். ஒரு பிவிசி மூடியின் விலையோடு ஒப்பிட்டால், முடிந்த தளத்தை உடைத்துக் குழாயை எடுப்பது எவ்வளவு செலவு என்று யோசியுங்கள். சாந்துச் சட்டிகளையும் கரண்டிகளையும் எந்த வடிகாலிலும் கழுவக் கூடாது. வளவின் ஒரு மூலையில் குழி வெட்டிக் கொடுங்கள், கிணற்றிலிருந்து தள்ளி. கிணற்றுக்கும் வலை அல்லது தறப்பாள் மூடுங்கள்.

கழிவு எவ்வளவு வரும் என்று முதலே தெரிந்தால் இடம் ஒதுக்கலாம். உங்கள் அறையின் சுவர்ப் பூச்சும் தளமும் உடைத்து உதிர்ந்தால் ஏறக்குறைய 45 கன அடி, அரைக் கியூப்புக்குச் சற்றுக் குறைவு. உரப்பைகளில் பாதியளவு மட்டும் நிரப்புங்கள், அதற்கு மேல் ஒருவரால் தூக்க முடியாது. வாசலருகே உழவு இயந்திரம் வந்து ஏற்றக்கூடிய இடத்தில் அடுக்கி, அதே கிழமை அகற்றுங்கள். கடற்கரையிலோ வடிகால் ஓரத்திலோ கொட்டச் சம்மதிக்காதீர்கள்.

மின்சாரத்துக்கு இரண்டு சொல். குளியலறைச் சுற்றை மட்டும் தனியே துண்டிக்கச் சொல்லுங்கள். ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்தி அது விழுகிறதா பாருங்கள். விழாவிட்டால் 30 மில்லி அம்பியர் சுவிட்ச் ஒன்று மாற்றிய பிறகே வேலை தொடங்கலாம். ஈரத்தில் நின்று கிரைண்டர் பிடிக்கும் மனிதரின் உயிர் அதில் இருக்கிறது. குழாயும் வயரும் பதித்து மூடுமுன், சுவரில் அளவுநாடாவை நீட்டி வைத்து ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுங்கள். நாளைக்கு ஆணி அடிக்க அதுதான் வரைபடம்.

பூசிய நீர்த்தடுப்பைச் சோதிக்காமல் ரைல் ஒட்ட விடாதீர்கள். வடிகாலை அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, மட்டத்தைப் பென்சிலால் கீறி, 48 மணித்தியாலம் விடுங்கள். ஆவியாகி ஒரு சில மில்லிமீற்றர் குறையலாம். அதற்கு மேல் இறங்கினாலோ குசினிப் பக்கச் சுவரடி கறுத்தாலோ ஒழுகுகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் தளமும் சுவரும் சந்திக்கும் மூலையில்தான், வலைத்துணி வைக்காமல் பூசியிருப்பார்கள். ஷவர்ப் பக்கச் சுவரில் இந்தப் பூச்சு ஆறடிக்கு ஏற வேண்டும், மற்றச் சுவர்களில் ஓரடி.

பேச்சை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள்: எந்த வேலைக்கு எவ்வளவு, எந்தக் கட்டத்தில் பணம். குழாய்ச் சோதனை, தண்ணீர் தேக்கும் சோதனை இரண்டும் அந்தத் தாளில் தனி வரிகளாக இருக்கட்டும். முன்பணம் கால்பங்குக்கு மேல் வேண்டாம், கடைசிப் பத்து வீதத்தை ஒரு மாதம் பாவித்த பிறகு கொடுங்கள். நல்ல மேசன் இதற்குக் கோபிக்க மாட்டார்.

இனிக் குசினி. குளியலறைச் சுவர் திறந்திருக்கும்போதே குசினிச் சிங்குக்கான குழாயையும் அதன் வால்வையும் மறுபக்கம் எடுத்து மூடி வையுங்கள், இல்லையென்றால் அதே சுவரை இரண்டாம் தடவை கொத்த வேண்டிவரும். குசினி வேலைக் காலத்துக்கு விறாந்தையில் மேசையில் அடுப்பும், அதற்குப் பக்கத்தில் நிலத்தில் நிமிர்த்திய காஸ் சிலிண்டரும் போதும். காஸ் காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் தாழ்வில் தேங்கும். அதனால் மூடிய அறைக்குள்ளோ வடிகால் அருகிலோ சிலிண்டர் வைக்கக் கூடாது. ரெகுலேட்டர் பூட்டியதும் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். கேத்தலும் மின்னடுப்பும் ஒரே நீட்டு வயரில் வேண்டாம், இரண்டும் 2000 வாட் என்றால் 17 அம்பியர் இழுக்கும், 13 அம்பியர் பிளக் உருகும். ஒரு சோற்றுப் பானை, இரண்டு சட்டி, தாச்சி, திருவலை, ஆளுக்கொரு கோப்பை. மற்றதெல்லாவற்றையும் பெட்டியில் கட்டிப் பெயர் எழுதிவிடுங்கள்.

ஆனால் குளியலறை முடிந்த அடுத்த நாளே குசினியை உடைக்க வேண்டாம். ஐந்து பேரும் இரண்டு கிழமை அதில் குளித்துப் பாவியுங்கள். தினமும் குசினிப் பக்கம் அந்தப் பொதுச் சுவரைத் தரையிலிருந்து ஓரடி உயரம்வரை கையால் தடவிப் பாருங்கள். ஈரமோ புது உப்போ தெரிந்தால் மேசனின் கடைசிப் பத்து வீதம் இன்னும் உங்கள் கையில் இருக்கும். காய்ந்திருந்தால் மட்டும் பான்ட்ரி அலுமாரிக்கு ஓடர் கொடுங்கள். அதை மாட்டப்போவது அந்தச் சுவரில்தான், ஈரச் சுவரில் மாட்டிய அமுக்குப்பலகை ஒரே மாரியில் ஊதிவிடும்.